பேனாக்கத்திக்கு எத்தனை டிகிரி? நீர்ச்சாணைக்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு முன்கட்டில் ஒரு நீர்ச்சாணை போட்டிருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் வேறு பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கத்தி. ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் எஸ்டேட் மேஸ்திரி, மாம்பழ மண்டிக்காரர், மலையேறப் போகும் கல்லூரிப் பையன் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். மடக்குக் கத்திக்கும் பேனாக்கத்திக்கும் மட்டும்தான் இது. அரிவாள்மணையும் கொடுவாளும் கொண்டுவருகிறவர்கள் பட்டறைக்கே போய்விடுங்கள்.

வெட் கிரைண்டரில் தீட்டுகிறேன் என்கிறீர்களே, இட்லிக்கு மாவரைக்கிற கல்லிலா?

இதைக் கேட்காத ஆளில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடே வாங்கிவிட்ட ஊர்ப்பக்கம் அந்தப் பெயரை வேறொன்றுக்கு வைப்பது வம்புதான். அதனால் நான் நீர்ச்சாணை என்கிறேன். கல் சக்கரம் ஒன்று நிமிர்ந்து நின்று மெதுவாகச் சுற்றும். அதன் அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டியில் முழுகியிருக்கும். அதே அச்சின் மறுமுனையில் தோல் போர்த்திய சக்கரம். சுவீடனில் 1973இல் தொடங்கிய டோர்மெக் இந்த வகை இயந்திரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதன் பெரிய மாடலில் கல்லின் விட்டம் 250 மி.மீ., அகலம் 50 மி.மீ., நிமிடத்துக்கு 90 சுற்று. சிறியதில் விட்டம் 200, அகலம் 40, சுற்று 120. பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தன ஆழாக்கு உளுந்து போடலாம் சாமி?" என்றார்.

தெருவில் வரும் சாணைக்காரர் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறாரே, தண்ணீர் எதற்கு?

சூடு. மின்சார உலர் சாணையில் ஆறு அங்குலக் கல் நிமிடத்துக்கு 2800 சுற்றுப் போனால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. என் கல் நொடிக்கு 1.2 மீட்டர்தான். கிட்டத்தட்ட பதினெட்டில் ஒரு பங்கு வேகம், அதிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது.

எஃகைப் பதப்படுத்திய பட்டறைக்காரர் கொடுத்த கடினம் சூட்டில் இறங்கிவிடும். வைக்கோல் நிறம் தட்டினால் அந்த இடம் 220 டிகிரி செல்சியஸை ஒட்டித் தொட்டிருக்கிறது என்று பொருள். நீலம் பாய்ந்தால் 300 பக்கம். அரிவாள் மாதிரி தடித்த சாமான் அந்தச் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பேனாக்கத்தியின் முனையில் சூடு போக இடமில்லை. முனை நீலமாகித் திரும்பி வந்த கத்திகளைப் பார்த்திருக்கிறேன். கூராகத்தான் இருக்கும், நான்கு மாம்பழத்துக்கு. பிறகு அந்த இடம் மட்டும் தகரம் மாதிரி மடியும். மிதிவண்டியில் வரும் சாணைக்காரரைக் குறை சொல்லவில்லை. மிதித்து ஓட்டும் கல் அவ்வளவு வேகம் போகாது, அவர் கையும் என் கையைவிடப் பழகிய கை. அவர் தீட்டப் பிறந்தது வேறு கருவி, அவ்வளவுதான்.

15 என்கிறார்கள், 30 என்கிறார்கள், 40 என்கிறார்கள். எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். கத்தியின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கச் சரிவுக்கு உள்ள கோணம் ஒன்று. இரண்டு பக்கமும் சேர்ந்த மொத்தக் கோணம் இன்னொன்று. பக்கத்துக்கு 15 என்றால் மொத்தம் 30. சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸ் பக்கத்துக்கு 15 முதல் 20 வரை சொல்கிறது. பிரெஞ்சு மடக்குக் கத்தியான ஓபினெல்லின் 40 மொத்தக் கணக்கு, அதாவது பக்கத்துக்கு 20.

ஒரு தம்பி எங்கோ "30" என்று பார்த்துவிட்டுப் பக்கத்துக்கு 30 வைத்துத் தானே தீட்டி எடுத்துவந்தான். மொத்தம் 60. "அண்ணா, பளபளன்னு இருக்கு, தக்காளி மட்டும் நசுங்குது" என்றான். இரும்பு வெட்டும் உளிக்கு வைக்க வேண்டிய கோணம் அது. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் பக்கக் கோணம்.

சரி, என் கத்திக்கு எத்தனை வைக்கட்டும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

20. தெரியாத கத்தி, தெரியாத எஃகு, தெரியாத கை என்றால் 20இல் தொடங்குங்கள். கெட்டுப்போக வழியில்லை.

ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். அடுத்த முறை மழுங்கி வரும்போது 18 வையுங்கள். அதற்கடுத்து 16. ஒவ்வொரு முறையும் உங்கள் வழக்கமான வேலைக்கே பயன்படுத்துங்கள், பரிசோதனைக்கென்று எதையும் வெட்டாதீர்கள். ஒரு கட்டத்தில் கத்தி தாங்காது. கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, பல்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் அங்கங்கே வெள்ளியாக மின்னும். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, மின்னினால் அங்கே மடிந்திருக்கிறது அல்லது தெறித்திருக்கிறது. அந்தக் கோணத்திலிருந்து 2 டிகிரி ஏறி நின்றுகொள்ளுங்கள். அதுதான் உங்கள் கத்தியின் எண். வேறொருவர் கத்திக்கு அது பொருந்தாது.

ஏன் இந்த 2 டிகிரிக்கு இவ்வளவு பாடு? வாயின் நுனியிலிருந்து 0.1 மி.மீ. உள்ளே போய்ப் பருமனை அளந்தால் 15 டிகிரியில் 0.054 மி.மீ. இருக்கும், 20இல் 0.073, 25இல் 0.093. பதினைந்திலிருந்து இருபதுக்கு ஏறினாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஃகு கூடிவிடுகிறது. அந்த எஃகுதான் வாயைத் தாங்குகிறது, வெட்டுப்படும் பொருளை விலக்கிக்கொண்டு போக வேண்டியதும் அதே எஃகுதான். ஒன்று கூடினால் இன்னொன்று குறையும்.

என்னிடம் வரும் கத்திகளில் நான் பார்த்தது இது. மல்கோவா, கொய்யா என்று பழம் மட்டும் அரிகிறவர்களுக்கு 15, 16 போதும். சாக்குத் தையல் பிரிப்பது, கயிறு, அட்டைப்பெட்டி என்றால் 18 முதல் 20. அட்டையைச் சாதுவென்று நினைக்காதீர்கள், அதிலுள்ள தூசியும் மண்ணும் வாயை அரம் மாதிரி தேய்க்கும். எஸ்டேட் ஆட்களுக்கு 20 முதல் 22. அவர்கள் மிளகுக்கொடி கட்டும் கயிறு அறுப்பார்கள், காப்பிச் செடியின் பக்கக் கன்று கழிப்பார்கள், அதே கத்தியால் சில்வர் ஓக் பட்டையைக் கீறி அடையாளம் போடுவார்கள், சில சமயம் டப்பா மூடியும் நெம்புவார்கள். நெம்பாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. 22 வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

மெல்லிய வாயும் வேண்டும், தாங்கவும் வேண்டும். வழி உண்டா?

உண்டு. 15இல் முழுக்கத் தீட்டுங்கள். கடைசியில், ஜிக் (கத்தியைக் கவ்வும் பிடிப்பான்) சாய்ந்து நிற்கும் தாங்கு கம்பியை உயர்த்தி 20இல் பக்கத்துக்கு இரண்டே இழுப்பு, அழுத்தாமல். கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிச் சரிவு நுனியில் உட்கார்ந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று தடவை அந்தக் குட்டிச் சரிவை மட்டும் புதுப்பித்தால் போதும், கல்லும் மிச்சம், கத்தியும் மிச்சம். என் சொந்தக் கத்தியை இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எஃகைப் பொறுத்துக் கோணம் மாறுமா? என் கத்தி சேலம் ஸ்டெயின்லெஸ் என்று கடைக்காரர் சொன்னார்.

மாறும். இது கொஞ்சம் நீளமான கதை.

கஞ்சமலை அடிவாரத்தில் 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய உருக்காலை நம் ஊர்ப் பெயரை எவர்சில்வர் பாத்திரத்தில் ஏற்றிவிட்டது. அதனால் துருப்பிடிக்காததெல்லாம் சேலம் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்கிறார்கள். பாத்திரத்துக்கு அதிகம் போகும் 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். கார்பன் 0.08க்கு மேல் கிடையாது. குழம்பு வைக்க அருமையான எஃகு. ஆனால் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கடினமாகாது. கத்திக்குக் கார்பன் வேண்டும். விக்டோரினாக்ஸ் அலகில் சுமார் அரை சதவீதம், ஓபினெல்லின் கார்பன் எஃகில் சுமார் 0.9.

கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டாவிட்டால் அது பாத்திர எஃகு, எந்தக் கோணம் வைத்தாலும் பிரயோசனமில்லை, பழத்தட்டில் அழகுக்கு இருக்கட்டும். ஒட்டினால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். 430 என்ற ரகம் காந்தத்தில் ஒட்டும், அதுவும் கடினமாகாது.

நல்ல கத்தி எஃகிலும் குணம் வேறு. கடினத்தை அளக்கும் ராக்வெல் எண்ணில் விக்டோரினாக்ஸ் 56 பக்கம். தீட்ட எளிது, தெறிக்காது, ஆனால் கோணத்தை ரொம்பக் குறைத்தால் மடியும். 60ஐத் தொடும் கடின எஃகு மடியாது, தெறிக்கும். டி2 என்ற ரகம் போல உள்ளே பெரிய கார்பைடு (மிகக் கடினமான துகள்) உள்ள எஃகை 18க்குக் கீழே நான் இறக்குவதில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் உள்ளூர்ப் பட்டறை அடித்த மடக்குக் கத்திகள் தனிச் சாதி. நாமக்கல், சங்ககிரி என்று லாரி ஊர்களுக்கு நடுவில் இருக்கிறோம், பட்டைக்குப் பஞ்சமில்லை. எஃகு நல்லது. பதம் பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒரே ஆசாரி அடித்த இரண்டு கத்தியில் ஒன்று 17 தாங்கியது, இன்னொன்று 22இலும் மடிந்தது.

இரும்பு நமக்குப் புதிதில்லை. அதே கஞ்சமலையின் காந்தக்கல்தான் பழங்காலத்திலிருந்து உலையில் போனது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோதும் சேலத்துக் கல்லைத்தான் நம்பினார். இதைச் சொன்னால் மண்டிக்காரர், "அதெல்லாம் சரிங்க, என் கத்தி எப்ப கிடைக்கும்?" என்பார்.

என் கத்தியில் இப்போது என்ன கோணம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி. பாதிப் பேர் புதுக் கோணம் தேடுகிறார்கள், இருக்கிற கோணத்தையே திரும்பப் பிடித்தால் அவர்கள் வேலை முடிந்துவிடும்.

வெர்னியர் இருந்தால் இரண்டே அளவு. சரிவு முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் பருமன், பிறகு ஒரு பக்கச் சரிவின் அகலம். பருமனில் பாதியைச் சரிவின் அகலத்தால் வகுத்தால் அதுதான் கோணத்தின் சைன். பருமன் 0.6 மி.மீ., சரிவு 1 மி.மீ. என்றால் 0.3. கைப்பேசிக் கால்குலேட்டர் 17.5 டிகிரி என்று சொல்லும். பத்தாம் வகுப்பில் இதெல்லாம் எதற்கென்று கேட்டோமே, இதற்குத்தான்.

வெர்னியர் இல்லாவிட்டால் மார்க்கர் போதும். சரிவு முழுக்கக் கறுப்புப் பூசிவிட்டு, இயந்திரத்தை ஓட்டாமல் கல்லைக் கையால் கால் சுற்றுச் சுற்றுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் மை போனால் கோணம் குறைவு. நுனியில் மட்டும் போனால் அதிகம். முழுக்க ஒரே மாதிரி போகும்வரை தாங்கு கம்பியைத் திருகுங்கள். எத்தனை டிகிரி என்று தெரியாமலேயே சரியான இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

போன வருடம் 15 வைத்தேன். கம்பியைத் தொடவே இல்லை. இப்போது சரிவு வேறு மாதிரி வருகிறதே?

கல் தேய்ந்திருக்கிறது. அல்லது கத்தியை ஜிக்கில் வேறு நீளத்துக்குப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். நீர்ச்சாணையில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

கல்லின் ஆரம் 125 மி.மீ., தாங்கு கம்பியிலிருந்து கத்தி வாய் வரை 140 மி.மீ., கோணம் 15. கம்பி அசையவில்லை. கல் தேய்ந்து விட்டம் 250இலிருந்து 240 ஆனால் அதே அமைப்பு 17.8 டிகிரி கொடுக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் மூன்று டிகிரிக்கு அருகில் ஏறிவிட்டது.

இப்போது கல்லை விடுங்கள், 250ஆகவே இருக்கட்டும். கத்தியை ஜிக்கில் 1 மி.மீ. கூடுதலாக நீட்டிப் பிடித்தால் கோணம் 14.4. நீட்டம் 5 மி.மீ. கூடினால் 12.2. சமையல் கத்தி அகலமானது, ஒரே இடத்தில் பிடிக்கப் பழகிவிடும். பேனாக்கத்தி அப்படியில்லை, விரல் நுனியளவு அலகை ஜிக்கில் செருகுகிறோம், ஒரு தடவை உள்ளே, ஒரு தடவை வெளியே. பிறகு "என் கை சரியில்லை" என்று நொந்துகொள்கிறோம். கை பாவம்.

தீட்ட உட்காரும் ஒவ்வொரு முறையும் கல்லின் விட்டத்தை அளவுகோலால் அளந்துவிடுங்கள். கோணமானியில் விட்டத்துக்கென்று ஒரு அளவு இருக்கும், அதை மாற்றிய பிறகு கோணம் பாருங்கள். நீட்டத்துக்கு நான் ஒரு மரத்துண்டை 140 மி.மீ.க்கு அறுத்து வைத்திருக்கிறேன். கம்பிக்கும் வாய்க்கும் நடுவே அது பொருந்தினால் ஓட்டுவேன்.

என் கத்தி ரொம்பச் சின்னது. ஜிக் கல்லில் இடிக்கிறது.

இடிக்கத்தான் செய்யும். ஜிக்கின் வாயிலிருந்து அலகு 10 மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரியில் அந்த இடத்தில் அலகின் நடுக்கோட்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ.தான் இடைவெளி. ஜிக்கின் பாதிப் பருமன் அதைவிட அதிகம் என்றால் கல் அலுமினியத்தைத் தின்னும். சிறு கத்திக்கென்றே மெல்லிய பிடிப்பான் தனியாக விற்கிறார்கள், கத்தியை அதில் செருகி, அதைப் பெரிய ஜிக்கில் மாட்ட வேண்டும். வாங்கினால் 15 கிடைக்கும். வாங்காவிட்டால் 20இல் இருங்கள், பெரும்பாலான பேனாக்கத்திக்கு அதுவே போதும்.

பிடிக்கும்போது இன்னொன்று. முதுகிலிருந்து வாய் வரை சரிந்து மெலியும் அலகை, ஒரு தாடை அசையாத பழைய மாதிரி ஜிக் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கும். ஒரு பக்கம் 13, மறுபக்கம் 17 என்று வரும். வெட்டுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, பார்க்க ஒரு பக்கச் சரிவு அகலமாகத் தெரியும். மெல்லிய தகடு ஒன்றை ஒரு பக்கம் சொருகி நேராக்கலாம். நடுவில் தானே பிடிக்கும் புது ஜிக்குகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்பிரிங்கில் மட்டும் நிற்கும், பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைக் கைப்பிடியால் பிடித்துத் தீட்டாதீர்கள். கல் தள்ளினால் மடிந்து விரலில் விழும். அலகைத்தான் பிடிக்க வேண்டும்.

முனைப் பக்கம் மட்டும் சரிவு அகலமாகிவிட்டது.

ஜிக்கைக் கைப்பிடிக்கு அருகே மாட்டியிருப்பீர்கள். அங்கிருந்து முனை தூரம், தூரம் கூடினால் கோணம் குறையும் என்று மேலே பார்த்தோம், கோணம் குறைந்தால் சரிவு அகலும். முனையை நோக்கிச் சற்று நகர்த்துங்கள். ரொம்ப நகர்த்தினால் முனைச் சரிவு குறுகும். மார்க்கர் பூசி இரண்டு தடவை பார்த்தால் இடம் பிடிபட்டுவிடும்.

வட்டக் கல்லில் தீட்டினால் சரிவு குழிந்து பலவீனமாகிவிடும் என்கிறார்களே?

1 மி.மீ. சரிவில் 250 மி.மீ. கல் ஏற்படுத்தும் குழி 0.001 மி.மீ. ஆழம். மனித முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மறந்துவிடுங்கள்.

எந்தப் பொடிக்கல்? 220ஆ, 1000ஆ, அதற்கும் மேலா?

டோர்மெக்கின் சாதாரணக் கல் அலுமினியம் ஆக்சைடு. அதன் முகத்தை ஒரு சொரசொரப்புக் கல்லால் உரசினால் 220 மாதிரி வெட்டும், அதே கல்லின் மறுபுறத்தால் தேய்த்தால் 1000 மாதிரி மென்மையாகும். சேர்வராயன் மலையில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகத் தோண்டிய பாக்சைட்டில் உள்ளதும் இந்த அலுமினிய ஆக்சைடுதான். மலைக் கத்தியை மலைக்கல் தீட்டுகிறது என்று எஸ்டேட்காரர்களிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வேன். சக்கரம் வந்தது வேறு எங்கிருந்தோ.

கோணம் மாற்ற 220. இருக்கிற கோணத்தைப் புதுப்பிக்க 1000. 4000 எண் ஜப்பான் வகைக் கல்லும் உண்டு, பேனாக்கத்திக்கு அது ஆசைக்கு. சாக்கு, கயிறு அறுக்கிறவர்களுக்கு நான் 220இல் முடித்துத் தோலில் ஒரே ஒரு சுற்றுக் கொடுத்துவிடுவேன். நுண்ணிய பல் இருந்தால் நார் வழுக்காது. பழம் அரிகிறவர்களுக்கு 1000, பிறகு தோல்.

தீட்டும்போது பிசிறு வர வேண்டும் என்கிறார்களே. அது என்ன, எப்போது போக்குவது?

ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்கம் மெல்லிய எஃகு மடிப்பு எழும். விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் குறுக்கே இழுத்தால் தடைபடும். நீளவாக்கில் இழுத்துப் பார்க்காதீர்கள், விரல் போய்விடும். அடிமுதல் முனைவரை பிசிறு எழாமல் பக்கம் மாற்றக் கூடாது. எழாத இடத்தில் இரு சரிவும் இன்னும் சந்திக்கவில்லை, எத்தனை மெருகேற்றினாலும் அங்கே வெட்டாது. கூராகவில்லை என்று என்னிடம் திரும்பி வரும் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோணத்தில் ஒரு குறையும் இருக்காது, பிசிறுக்கு முன்பே பக்கம் மாற்றியிருப்பார்கள்.

தோல் சக்கரத்திலும் கோணம் பார்க்க வேண்டுமா?

கல்லில் பார்ப்பதைவிட அதிகமாக. கல்லில் 16 வைத்துவிட்டு, தோலில் வெறுங்கையால் 25க்குத் தூக்கிப் பிடித்தால், அத்தனை உழைப்பும் நுனியில் உருண்டுவிடும். குறைவாகப் பிடித்தால் தோல் நுனியைத் தொடாது, பிசிறு அப்படியே நிற்கும். ஜிக்கைக் கழற்றாமலேயே தோலுக்கு எடுத்துப் போங்கள், கல்லில் வைத்த அதே கோணம். சக்கரம் வாயிலிருந்து விலகிச் சுற்ற வேண்டும். எதிர்த்துச் சுற்றினால் தோல் கிழியும். என் முதல் தோல் அப்படித்தான் போனது, வாங்கி ஒன்பதாம் நாள்.

ஒட்டுக்கத்திக்கும் இதே கணக்கா?

இல்லை. மாங்கன்று ஒட்டுக்கட்டும் கத்தியில் ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம்தான் வேர்ச்செடியிலும் ஒட்டுக் குச்சியிலும் நேரான வெட்டைக் கொடுக்கிறது. வெட்டு வளைந்தால் இரண்டும் ஒட்டாது. சரிவுப் பக்கம் மட்டும் கல்லில், 15 முதல் 18. தட்டைப் பக்கத்தைச் சக்கரத்தின் வளைவில் வைக்கவே கூடாது, தட்டையான மென்கல்லில் படுக்க வைத்துப் பிசிறை மட்டும் எடுங்கள். இடதுகைக்காரர் கத்தியில் சரிவு மாறியிருக்கும், கேட்டுவிட்டுத் தீட்டுங்கள். ஒரு நாற்றுப்பண்ணை அக்காவின் கத்தியை இருபக்கமும் தீட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பல் வைத்த அலகு?

கல்லில் வேண்டாம். தட்டையான பக்கத்தைத் தோலில் இரண்டு இழுப்பு, அவ்வளவே.

தீட்டிய பிறகு மடக்கும்போது கரகரவென்கிறதே?

கல்லின் சேறு கீலுக்குள் போயிருக்கிறது. தீட்டுமுன் கீல் இருக்கும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். முடித்ததும் நல்ல தண்ணீரில் திறந்து மூடி அலசி, துடைத்து, வெயிலில் காட்டி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் வேண்டாம். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். சேலத்து வெயிலில் தெரியாது, மார்கழியில் ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் கத்தி திறக்காது. ஓபினெல்லுக்கு மரக்கைப்பிடி என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஈரம் குடித்து ஊதினால் அலகைப் பிடித்துக்கொள்ளும். பனிமூட்ட மாதங்களில் எஸ்டேட் ஆட்கள் அதைப் பல்லால் இழுக்கிறார்கள். காயவைத்துவிட்டு இழுக்கலாம்.

மெஷின் இல்லை. இரண்டு தீட்டலுக்கு நடுவில் வீட்டில் என்ன செய்வது?

அம்மி விளிம்பில் தேய்க்கும் பழக்கத்தைவிடப் பீங்கான் கோப்பையின் அடி நல்லது. அந்த மெருகில்லாத வளையம் மென்கல் மாதிரிதான். 16 மி.மீ. அகலமுள்ள அலகுக்கு, முதுகை 5.5 மி.மீ. தூக்கினால் 20 டிகிரி, 4 மி.மீ. தூக்கினால் 15க்கு அருகில். பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு. கல் சக்கரத்துக்கு வருடத்தில் இரண்டு முறை வந்தால் போதும்.

நோட்டில் என்ன எழுதிக்கொள்கிறீர்கள்?

கத்தி, கோணம், நீட்டம், அன்றைக்குக் கல்லின் விட்டம், என்ன வெட்டுகிறார், திரும்பி வந்தபோது வாய் எப்படி இருந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து மூன்று வரி:

ஓபினெல் 8, கார்பன். 20, நீட்டம் 140, கல் 238. ஏற்காடு, மிளகுக்கொடி. ஆறு மாதம், மடியவில்லை. அடுத்து 18.

விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. 16, நீட்டம் 140, கல் 237. மண்டி, மல்கோவா. மின்னவில்லை. இப்படியே விடு.

ஸ்பிரிங் பட்டை மடக்கு, மேஸ்திரியுடையது. 22, கல் 237. முனை உடைந்து வந்தது. டப்பா திறந்தாராம்.